கால் கிலோவின் விலை

மாதத்தின் முதல் வாரத்தில், அதிலும் சனி ஞாயிறு மாலைகளில், திருப்பதியின் பெரிய தள்ளுபடிக் கடைகளில் டிராலி கிடைப்பதே பெரும்பாடு. கையில் சம்பளம் வந்திருக்கும். தேவஸ்தான ஊழியர், பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர், ஆஸ்பத்திரி நர்சு, வங்கிக் குமாஸ்தா என்று குடும்பம் குடும்பமாக வந்து சேர்கிறார்கள். ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன், பத்துக் கிலோ கோதுமை மாவு, நாலு சோப்பு வாங்கினால் ஒன்று இலவசம் என்று கட்டி வைத்த அடுக்கு. பெண்கள் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து, கிராமுக்கு எத்தனை காசு என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்து, பக்கத்திலிருக்கும் இன்னொரு கம்பெனிப் பொட்டலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். இதை 'நுகர்வு வெறி' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடும் எழுத்துகள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. மளிகையில் நானூறு ஐந்நூறு மிச்சம் பிடித்து அதைப் பிள்ளையின் டியூஷனுக்கு எடுத்து வைப்பது கெட்டிக்காரத்தனம். அந்தக் கணக்கைப் போடுகிறவர்களே வீட்டைத் தாங்குகிறார்கள்.

அதே ஊரில், அதே மாலையில், இன்னொரு விதமாகவும் மளிகை வாங்கப்படுகிறது. பேருந்து நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் சுற்றியிருக்கும் லாட்ஜுகளில் அறை கூட்டி, படுக்கை விரிப்பு மாற்றும் பெண்களுக்கு வேலை முடிய ஆறு ஏழு மணியாகும். வீட்டுக்குப் போகிற வழியில் தெருமுனை மளிகைக் கடையில் நிற்பார்கள். "அண்ணா, துவரம்பருப்பு கால் கிலோ, எண்ணெய் அரை லிட்டர், பத்து ரூபாய்க்கு மிளகாய். எழுதிக்கோண்ணா." கடைக்காரர் தலை நிமிராமலே பருப்பை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கும் நீட்டு நோட்டை இழுப்பார். வீட்டுக்கு ஒரு பக்கம். பருப்புக்கு ஒரு எழுத்து, எண்ணெய்க்கு ஒரு எழுத்து, எதிரில் தொகை. மாதக் கடைசியில், அல்லது கையில் பணம் வரும் நாளில், கூட்டிப் பார்த்துக் கோடு போட்டுக் கீழே பாக்கி எழுதுவார். பாதி கட்டினாலும் மறுநாள் பொருள் உண்டு. ஒன்றும் கட்டாவிட்டால் இரண்டு நாள் முகம் இறுகியிருக்கும், பிறகு அவரே கேட்பார்: "என்னம்மா, வூட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?"

இந்தக் கடையில் தள்ளுபடி கிடையாது. பொட்டலத்தில் அச்சிட்ட விலைதான் விலை. அப்படியானால் பெரிய கடையில் ஒருவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியும், தெருக்கடையில் இன்னொருவர் கொடுக்கும் முழு விலையும் ஒரே பணத்தின் இரண்டு பெயர்கள் என்று எனக்குப் படுகிறது. முன்னவருக்கு அது கைக்காசு கொடுத்ததற்கான சன்மானம். பின்னவருக்கு அது கடன் வாங்கியதற்கான வட்டி. நோட்டில் வட்டி என்று தனிக் கலம் இல்லாததால் யாரும் அதை வட்டி என்று சொல்வதில்லை. கடைக்காரரையும் இதில் குற்றம் சொல்வதற்கில்லை. ஐம்பது வீட்டுப் பாக்கியைச் சுமந்துகொண்டு, கொண்டுவந்து போடும் ஏஜென்சிக்காரனுக்கு வாரத்துக்குள் பணம் கட்ட வேண்டியவர் அவர்.

அச்சிட்ட விலை என்ற ஏற்பாடே நாம் நினைக்கிற அளவுக்குப் பழையதன்று. வரிகள் எல்லாம் சேர்த்து அதிகபட்ச சில்லறை விலையைப் பொட்டலத்தில் போட வேண்டும் என்ற விதி 1990இல் வந்தது. அதற்கு முன் 'உள்ளூர் வரிகள் தனி' என்று அச்சிட்டுவிட்டு, வரி என்று சொல்லிக் கடைக்குக் கடை ஒரு தொகை வாங்கினார்கள். அந்த அநியாயத்தைத் தடுக்க வந்த நல்ல விதி இது. ஆனால் அது உச்சவரம்பு மட்டுமே, அந்த உச்சத்தை முடிவு செய்கிறவரும் தயாரிப்பாளர்தான். உச்சத்துக்கும் அடக்க விலைக்கும் நடுவிலிருக்கும் இடைவெளியில்தான் தள்ளுபடிக் கடைகள் வாழ்கின்றன. டிமார்ட் 2002இல் மும்பையின் பவாயில் முதல் கடையைத் திறந்து, இன்று திருப்பதி வரை வந்திருக்கிறது. அதன் வழி எளிமையானது. பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் கடை வைப்பதால் வாடகை இல்லை. சரக்குக் கொடுத்தவருக்கு மற்றக் கடைகளைவிடச் சீக்கிரம் பணம் தந்துவிடுவதால் அவரிடம் விலையைக் குறைத்துக் கேட்க முடிகிறது. குறைந்த லாபத்தில் வேகமாக விற்றுவிட்டு அடுத்த சரக்கு எடுக்கிறார்கள். இந்தச் சக்கரம் சுழல வேண்டுமானால் வாங்குகிறவர் பில் போடும் இடத்திலேயே முழுப் பணமும் கொடுத்தாக வேண்டும். நீட்டு நோட்டுக்கு அங்கே இடமில்லை, இருக்கவும் முடியாது.

கைக்காசு மட்டும் போதாது, இடமும் வேண்டும். அரிசி மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூலை 18 முதல், முத்திரையும் பெயரும் போட்டுக் கட்டிய அரிசிக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி வந்தது. 25 கிலோ வரை உள்ள பைகளுக்குத்தான் அந்த வரி, அதற்கு மேல் இல்லை. சில வாரங்களிலேயே ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் 26 கிலோ மூட்டை சந்தைக்கு வந்துவிட்டது. சித்தூர் அரிசிக் கடைகளில் இன்று பிபிடி ரக அரிசி கேட்டால் எடுத்துப் போடுவது அந்த மூட்டையைத்தான். ஒரு கிலோ கூடுதலாக வாங்கினால் மூட்டை முழுவதற்கும் வரி மிச்சம். நல்ல லாபம்தான். ஆனால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாமல் ஒரே தடவையில் எடுத்து வைக்க வேண்டும். தூக்கிப் போட வண்டி வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் மழை நாளில் ஈரம் தாக்காத மூலை வேண்டும், எலி அண்டாத டிரம் வேண்டும். இவ்வளவும் உள்ளவருக்கு அந்த வரி இல்லை. ஐந்து கிலோ பையாக வாங்குகிற வீடு ஒவ்வொரு பைக்கும் வரி கட்டுகிறது. வேண்டுமென்று யாரும் இப்படித் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். சில்லறையாக வாங்குகிறவர் கண்ணில் படாமல் விதி எழுதினால் இப்படித்தான் வந்து முடியும்.

'சின்ன அளவில் வாங்கினால் விலை அதிகம்' என்பதை இயற்கை நியதி போலப் பேசுகிறார்கள். அது நியதியில்லை என்பதற்கு ஷாம்பு பாக்கெட்டே சாட்சி. கடலூரில் சின்னிகிருஷ்ணன் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையைப் பிடித்தார், அவர் பிள்ளைகள் அதை நாடெங்கும் கொண்டுபோனார்கள். இன்றும் பல ஷாம்புகளில், மில்லிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால், பாட்டிலைவிடப் பாக்கெட்டே மலிவு. ஏழை வீட்டைப் பிடித்தால்தான் சந்தை என்று கம்பெனிகள் கண்டுகொண்ட இடத்தில் சின்ன அளவு மலிவாகிவிட்டது. பருப்பிலும் அரிசியிலும் அந்த அக்கறை யாருக்கும் வரவில்லை. அவற்றை எப்படியும் வாங்கித்தானே தீர வேண்டும்.

மலிவுக்கும் கடனுக்கும் நடுவிலுள்ள இந்தப் பகை பழையது. 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில், நெசவாளிகளும் வேறு தொழிலாளிகளுமாகச் சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி ஆகியவற்றோடு அது தொடங்கியது. உலகக் கூட்டுறவு அங்காடிகளுக்கெல்லாம் அதைத்தான் முன்னோடி என்கிறார்கள். அவர்கள் வைத்த கண்டிப்பான விதிகளில் ஒன்று, கடன் இல்லை, கைக்காசு மட்டுமே என்பது. கடைக்காரனிடம் பாக்கி வைத்து வைத்து, கலப்பட மாவை வாய் திறக்காமல் வாங்கித் தின்ற அனுபவத்திலிருந்து வந்த விதி அது. 1904இல் சென்னை திருவல்லிக்கேணியில் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கமும் அந்த வழியில் வந்த பிள்ளைதான். ராச்டேல் விதியை நான் மதிக்கிறேன். ஆனால் முதல் வாரக் கைக்காசைச் சேர்க்க முடியாத வீடு அந்தக் கடைக்கு வெளியே நின்றிருக்கும் என்பதையும் மறக்க முடியவில்லை.

நம் பக்கத்தில் அந்த வெளியே நிற்கும் வீட்டை முதலில் கணக்கில் எடுத்தது அரசுதான். 1983இல் ஆந்திர முதல்வர் என்.டி.ராமராவ் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி கொடுத்தார். அந்த அரிசியை வைத்துத்தான் சித்தூர்க் கிராமங்களில் களி மட்டுமே கிண்டிய பல வீடுகள் தினமும் சோறு வடிக்க ஆரம்பித்தன. இன்று ரேஷன் அரிசிக்கு விலையே இல்லை. 2021இலிருந்து வீட்டு வாசலுக்கே வண்டியில் வந்த ரேஷன், 2025 ஜூன் முதல் மறுபடி கடைக்குத் திரும்பிவிட்டது. மாதத்தின் 1ஆம் தேதியிலிருந்து 15ஆம் தேதி வரை கடை உண்டு. அரிசிக் கவலை இதனால் பெருமளவு குறைந்திருப்பது உண்மை. ஆனால் வாங்கிய அரிசி மாதம் முழுக்க வராது. அரிசியோடு சேரும் பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் எல்லாம் நீட்டு நோட்டில்தான் ஏறுகின்றன.

இரண்டாவது ஏற்பாடு ரைத்து பஜார். 1999 ஜனவரி 26 அன்று ஆந்திரத்தில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் மதுரை அண்ணா நகரில் திறந்த உழவர் சந்தை நம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும், இது அதற்குச் சில மாதம் மூத்தது. விவசாயி அடையாள அட்டையோடு வந்து உட்கார்ந்து தானே விற்கலாம், தரகு கிடையாது. மொத்தச் சந்தை விலைக்கு மேலாகவும் வெளியில் விற்கும் சில்லறை விலைக்குக் கீழாகவும் தினம் காலையில் ஒரு விலை முடிவு செய்து பலகையில் எழுதுகிறார்கள். அந்தப் பலகை எனக்கு மிகவும் பிடித்தது. தக்காளி இவ்வளவு, கத்திரிக்காய் இவ்வளவு என்று எழுதியிருப்பதைக் கை காட்டிப் பேச எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். கிராமுக்கு எத்தனை காசு என்ற பொடி எழுத்துத் தேவையில்லை. கால் கிலோ வாங்கினாலும் ஐந்து கிலோ வாங்கினாலும் ஒரே விலை. மலிவு என்பதைப் பொதுச் சொத்தாக்கிய ஏற்பாடு என்று இதைத்தான் சொல்வேன்.

2023 கோடையின் முடிவில் தக்காளி விலை ஏறியபோது அதன் அருமை தெரிந்தது. பழைய சித்தூர் மாவட்டத்து மதனபள்ளிதான் நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. வேறு வருடங்களில் பறிகூலிக்குக் கட்டாமல் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போன விவசாயிகளை அங்கே பார்த்திருக்கிறோம். அந்த ஜூலையில் அதே சந்தையில் நல்ல ரகம் கிலோ இருநூறு ரூபாயை நெருங்கியது. அரசு, சந்தையில் வாங்கி ரைத்து பஜார்களில் கிலோ 50 ரூபாய்க்குக் கொடுத்தது. பஜார் வாசல்களில் நீண்ட வரிசை நின்றது. 2024 ஜூலையில் அதே பஜார்களில் தனிக் கவுன்டர் வைத்துத் துவரம்பருப்பு கிலோ 160 ரூபாய்க்கும், பச்சரிசி 48க்கும், வேக வைத்துக் குத்திய அரிசி 49க்கும் விற்றார்கள். அப்போது வெளியில் பருப்பு 180 ரூபாயை ஒட்டி இருந்தது. செப்டம்பரில் மத்திய அரசு சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை ஏற்றியதும், அக்டோபரில் பாமாயில் லிட்டர் 110, சூரியகாந்தி எண்ணெய் 124 என்று மாநிலம் முழுக்க ஒரே விலை வைத்தார்கள்.

நல்ல காரியங்கள். ஆனாலும் லாட்ஜில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அந்த 2024 விலையில் பருப்பில் கிலோவுக்கு இருபது ரூபாய் மிச்சம். வீட்டுக்கு மாதம் இரண்டு கிலோ என்றால் நாற்பது ரூபாய். கால் கிலோ கால் கிலோவாக எட்டுத் தடவை பஜாருக்குப் போனால் ஷேர் ஆட்டோவுக்கே அதைவிடப் பல மடங்கு ஆகும். ஒரே தடவை போகலாம் என்றால் 320 ரூபாய் ஒன்றாகக் கையில் வேண்டும். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில்தான் பஜார் காய்களும் நன்றாக இருக்கும். வேலை முடிந்து வரும்போது வாடியதும் அழுகியதும் கழிந்தது போகக் கொஞ்சம் கிடக்கும், அதையும் சில நாள் விலை குறைத்துத் தருவார்கள். அரசின் மலிவும் கடைசியில் கைக்காசும் பகல் நேரமும் உள்ளவர் பக்கமே சாய்கிறது. சித்தூரைச் சுற்றியுள்ள மாம்பழக்கூழ் ஆலைகளில் சீசன் வேலை பார்க்கும் பெண்களின் நிலைமையும் இதேதான். தோத்தாபுரி வரும் இரண்டு மூன்று மாதம் கையில் காசு ஓடும், அப்போது பழைய பாக்கி அடையும். ஆலை நின்றதும் நோட்டில் புதுப் பக்கம் திரும்பும்.

இந்த முடிச்சை அவிழ்த்த ஒரு ஏற்பாடு இதே மாவட்டத்தின் கிராமங்களில் நடந்தது. தமிழில் அதைப் பற்றி இன்னும் நிறைய எழுதியிருக்க வேண்டும். உலக வங்கிக் கடனோடு 2000இல் ஆறு மாவட்டங்களில் தொடங்கிய வறுமை ஒழிப்புத் திட்டத்தில் சித்தூரும் ஒன்று. ஜனங்கள் அதை வெலுகு என்றார்கள். ஊரில் முன்பே இருந்த டுவாக்ரா என்ற மகளிர் சுயஉதவிக் குழுக்களை ஒன்றுசேர்த்துக் கிராம சங்கமாக்கியது அது. அந்தச் சங்கங்கள் செய்த வேலைகளில் ஒன்று அரிசிக் கடன். ரேஷன் அரிசி தீர்ந்த பிறகு மாதத்தின் மிச்ச நாட்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொரு குழுவிலும் வீடு வீடாகக் கேட்டு எழுதுவார்கள். எல்லாக் குழுக் கணக்கும் சங்கத்தில் ஒன்றாகும். வாங்குவதற்கென்று பொறுப்பெடுத்த பெண்கள் சந்தைக்கோ மில்லுக்கோ போய், அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து, நொய் எவ்வளவு, பழசா புதுசா என்று பேரம் பேசி, லோடாக எடுத்து வருவார்கள். மொத்த விலையில் வாங்கியது வீட்டுக்குக் கடனாகப் போகும். பணத்தைத் தவணையில் கட்டலாம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மொத்த விலைக்குக் கைக்காசு வேண்டும், கடன் வேண்டுமென்றால் சில்லறை விலை கொடுக்க வேண்டும் என்று ராச்டேல் நெசவாளி முதல் பெரிய தள்ளுபடிக் கடை வரை எல்லாரும் பிரித்து வைத்திருந்த இரண்டையும், படிப்பு அதிகமில்லாத பெண்கள் ஒரே கோணிக்குள் போட்டுக் கட்டினார்கள். கைக்காசைச் சங்கம் கொடுத்தது, கடனை வீடு எடுத்தது. கடன் திரும்பும் என்பதற்கு ஜாமீன் குழுவின் அறிமுகம்தான். யார் வீட்டில் எத்தனை வாய், யாருக்கு எப்போது கூலி வரும் என்பது குழுவுக்குத் தெரியும். அது நீட்டு நோட்டுக் கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம்தான். அவருக்கு இருந்த அந்த அறிவு மொத்த விலையோடு சேர்ந்ததால், நடுவில் வட்டியாகப் போன பணம் வீட்டில் நின்றது. தரமும் எடையும் கூடவே சரியாயின. வாங்கி வந்தவரே தின்னப் போகிறார், கல் கிடந்தால் அடுத்த கூட்டத்தில் அவரைத்தானே கேட்பார்கள்?

கிராமத்தில் முடிந்தது நகரத்தில் ஏன் முடியவில்லை என்று கேட்டால், நகரக் குழுக்கள் வங்கிக் கடன் வாங்கிக் கட்டுவதிலேயே நின்றுவிட்டன என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. திருப்பதியிலும் சித்தூரிலும் டுவாக்ரா குழு இல்லாத தெரு குறைவு. லாட்ஜுப் பெண்களில் பலர் ஏதாவது ஒரு குழுவில் இருக்கிறார்கள், மாதம் தவறாமல் சேமிப்புக் கட்டுகிறார்கள். ரைத்து பஜாரில் கவுன்டர் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் இருக்கின்றன, அவ்வளவுதான். யாரும் சொல்லித் தராமலே சில தெருக்களில் பெண்கள் அரைகுறையாக இதைச் செய்கிறார்கள். மூன்று வீடு சேர்ந்து 26 கிலோ மூட்டை ஒன்று, ஒரு டின் எண்ணெய். முன்பணம் போடுகிறவர் பெரும்பாலும் அந்த மாதம் சீட்டு எடுத்தவராக இருப்பார். சீட்டு எடுத்தவர் யாரும் இல்லாத மாதத்தில் மூட்டையும் இல்லை.

அதே 2024 விலையில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: ஒரு குழு, பத்து வீடு, வீட்டுக்கு இரண்டு கிலோ பருப்பு, இரண்டு லிட்டர் எண்ணெய். பருப்புக்கு மூவாயிரத்து இருநூறு, பாமாயிலுக்கு இரண்டாயிரத்து இருநூறு, எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து நானூறு ரூபாய். குழுவின் பாஸ்புக்கில் சாதாரணமாகக் கிடக்கும் தொகைதான் இது. மாதத்தின் ஏதாவது ஒரு நாள், பஜாரில் வேலை முடிந்து விளக்கணைக்கும் நேரத்தை ஒரு மணி தள்ளி வைத்து, பாஸ்புக்கைக் காட்டிக் குழுவின் பெயரில் சரக்கெடுக்க வழி செய்யலாம். கொண்டுபோக ஒரே ஆட்டோ போதும். வீட்டுக்கு வாரம் 135 ரூபாய் வீதம் நான்கு வாரத்தில் கடன் தீரும். கவுன்டரும் தராசும் ஏற்கெனவே இருக்கின்றன. கூடுதலாகத் தேவைப்படுவது மாலையில் உட்கார ஒரு ஆளும், கடன் பதிய ஒரு நோட்டும்.